பேப்பர் கொண்டுவரும் பையன்: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. 2024-25 கல்வியாண்டில் ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருந்தபோது, ஒரு மாணவனை முன்னிட்டு நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். ஊர், பள்ளி, ஆட்கள் எதற்கும் பெயர் போடவில்லை. எழுதி முடித்ததும் பையனின் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

பின்னணி

மதுரைக்கும் நிலக்கோட்டைக்கும் இடையில் மல்லிகை விளையும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. மல்லியை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் அது மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். அதனால் பூ எடுக்கும் பெண்கள் காலை நாலரை மணிக்கே கையில் டார்ச் லைட்டோடு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். கூலி எடை கணக்குதான். எடை போட்டுவிட்டு அவர்கள் வீடு திரும்பும்போது ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஆக, பள்ளிக்குப் பிள்ளைகள் கிளம்புகிற அந்த இரண்டு மணி நேரம் பல வீடுகளில் பெரியவர்கள் யாரும் இருப்பதில்லை. பாட்டி இருந்தால் பாட்டி. இல்லாவிட்டால் மூத்த பிள்ளை.

இன்னொரு பின்னணியும் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, சூடாக, சாம்பாரோடு. ஆனால் அது 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. அதாவது, ஏப்ரல் வரை காலையில் பள்ளியில் சாப்பிட்ட ஒரு பிள்ளை, ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் மதியம் வரை காத்திருக்க வேண்டும். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சத்துணவும் 1982இல் சின்னப் பிள்ளைகளுக்கென்று தொடங்கி, 1984இல்தான் பெரிய வகுப்புகளுக்கு வந்தது. எல்லோருக்கும் தெரிந்த இந்த எல்லைக்கோடு எங்கள் வகுப்பறைக்குள் எப்படி வந்து நிற்கும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அதற்காகச் சொல்கிறேன்.

ஜூன், ஜூலையில் பார்த்தது

அந்த ஆண்டு ஜூன் 10 அன்று பள்ளி திறந்தது. ஆறாம் வகுப்பில் 34 பேர். இந்தப் பையன் முதல் வாரத்திலிருந்தே தாமதம். ஒன்பதே காலுக்கு இறைவணக்கம். அவன் வருவது ஒன்பதரை, சில நாள் ஒன்பதே முக்கால். ஏன்டா லேட்டு என்று கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வாய் திறக்க மாட்டான். பதில் சொல்லாத பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்று முடிவு கட்டுவது எங்களுக்கு எளிதாக இருந்தது.

தாமதமாக வருபவர்கள் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும் என்பது எங்கள் பள்ளியில் எழுதப்படாத விதி. உடற்கல்வி ஆசிரியர் அதைப் பார்த்துக்கொள்வார். உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பணியிடைப் பயிற்சிகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஓட வைப்பது அடிப்பது ஆகாதே என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம். நானும் அதில் சேர்த்தி.

ஜூலையில் ஆசிரியர் அறையில் நடந்த ஒரு பேச்சு இப்போதும் நினைவில் இருக்கிறது. காலை முதல் பாடவேளை கணக்கு. "உங்க வகுப்புல அவன் ஒருத்தன் தூங்கிட்டே இருக்கான், எழுப்பினா முறைக்கிறான்" என்றார் கணக்கு ஆசிரியை. எனக்கு மதியம் ஐந்தாம் பாடவேளை. என் வகுப்பில் அவன் தூங்கியதே இல்லை. செய்யுளை ராகம் போட்டு ஒப்பிப்பான். நாங்கள் இரண்டு வேறு பையன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் இருந்தது சத்துணவு. அன்று இது எனக்கு உறைக்கவில்லை. சண்டைகள் நடந்த நேரத்தையும் பின்னால்தான் குறித்துப் பார்த்தேன்: இரண்டு முறை பக்கத்து வரிசைப் பையன்களை அடித்திருந்தான், இரண்டும் மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையில்.

ஜூலை மூன்றாம் வாரம் ஒரு நாள், இரண்டாவது சுற்று ஓடும்போது மைதானத்தில் மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். அடிபடவில்லை. நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார் தலைமையாசிரியர். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பதைக்கூட அவன் சொல்லவில்லை. மறுநாள் அப்பாவும் வரவில்லை, அவனும் வரவில்லை.

அந்த இரண்டு மாதங்களில் அவன் தாமதமாக வந்தது 17 நாள். வராதது 9 நாள்.

என் முதல் தவறு

திரும்பி வந்த அன்று, பசிதான் காரணமாக இருக்கும் என்று ஊகித்து இரண்டு வாழைப்பழம் வாங்கிப் போனேன். முதல் பாடவேளை நடந்துகொண்டிருக்கும்போதே கணக்கு ஆசிரியையிடம் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்து, "சாப்பிடாம வந்தியா? இந்தா, சாப்பிடு" என்று அவன் மேசையில் வைத்தேன். முப்பத்து மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தொடவில்லை. இடைவேளைக்குள் அவனுக்கு 'வாழப்பழம்' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. அடுத்த மூன்று நாள் வரவில்லை.

என் மனதில் இருந்தது அன்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதினொரு வயதுப் பையனுக்குப் பசியைவிடப் பெரிது, பசிக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிவது. ஓட வைத்தபோதுகூட மற்ற தாமதக்காரர்களோடு கூட்டத்தில் ஒருவனாக ஓடினான். நான் அவனைத் தனியாக எடுத்து நிறுத்தினேன். உதவி செய்கிறவர் நல்லவராகத் தெரிகிற மாதிரி ஓர் உதவி அமைந்தால், வாங்குகிறவர் அங்கே சின்னவராகிவிடுகிறார். இதற்கு அப்புறம் நாங்கள் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் இந்த வாழைப்பழம்தான் அளவுகோலாக இருந்தது.

அரைப் பக்கக் கட்டுரை

அவன் வந்த பிறகு நேரடியாக எதையும் கேட்கவில்லை. வகுப்பு முழுவதற்கும் 'காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்கு வரும் வரை' என்று அரைப் பக்கம் எழுதச் சொன்னேன். பிழை பார்க்க மாட்டேன், சத்தமாக வாசிக்கவும் மாட்டேன் என்றும் சொன்னேன். அவன் எழுதியதை ஓரளவு திருத்தித் தருகிறேன்:

"அம்மா பூ எடுக்கப் போயிரும். தங்கச்சிய நான் எழுப்புவேன். அப்பத்தா இருந்தப்ப அதுதான் தல சீவிவிடும். எனக்குச் சட பின்னத் தெரியல. பாப்பா அழும். ஸ்கூல்ல விட்டுட்டு அது சாப்புடுற வரைக்கும் நிப்பேன். நான் வந்தா அழும்."

இவ்வளவுதான். ஓட வேண்டியிருக்கும் என்று தெரிந்தும், மயக்கம் வரும் என்று தெரிந்தும், ஒரு நாளும் காரணம் சொல்லாத பையன், யாரும் முகத்தைப் பார்க்காதபோது ஆறு வரியில் சொல்லிவிட்டான். மற்ற தாள்களையும் படித்தேன். 34 பேரில் 11 பேர் காலையில் வெறும் டீயோ, அதுவும் இல்லாமலோ வருகிறார்கள் என்று தெரிந்தது. இவன் ஒருவன்தான் என்று நினைத்தது என் அடுத்த தவறு.

தங்கை இரண்டாம் வகுப்பு. தொடக்கப் பள்ளி எங்கள் பள்ளிக்குப் போகிற வழியில், ஒரு கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. போன ஆண்டு வரை இருவரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காலையில் சாப்பிட்டிருக்கிறார்கள். இப்போது தங்கை உள்ளே சாப்பிட, அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். அப்பத்தா மே மாதம் இறந்திருந்தார். எங்கள் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குப் போனது

ஒரு மாலை ஆறு மணிக்குப் போனேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே முதலில் கேட்டது: "பேர எடுத்துருவீங்களா டீச்சர்?" இல்லம்மா, உங்க மகன் நல்லா செய்யுள் சொல்றான், அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் என்றேன். பொய் இல்லை. பிறகுதான் பாய் விரித்தார்.

மயங்கி விழுந்தது அவருக்குத் தெரியாது. காலையில் இருக்கிறதைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லித்தான் கிளம்புகிறார். பழைய சோறு இருக்கும். ஆனால் தங்கையை எழுப்பி, குளிக்க வைத்து, சிக்கு எடுத்து முடிப்பதற்குள் அவனுக்கு நேரம் போய்விடுகிறது. "அவன் எங்கிட்டயும் ஒண்ணும் சொல்றதில்ல டீச்சர்" என்று சொல்லி அழுதார். அறிவுரை எதுவும் சொல்லாமல் கிளம்பினேன். நாலரை மணிக்கு வேலைக்குப் போகிறவரிடம் பிள்ளைகளைக் கவனியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், கணக்கு ஆசிரியை, நான் நால்வரும் உட்கார்ந்தோம். கட்டுரையைப் பார்த்ததும் உடற்கல்வி ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார், கிட்டத்தட்டக் கோபமாக. அவர் கெட்டவர் இல்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்லும்படி அவரும் நாங்களும் எப்போதாவது இடம் கொடுத்திருந்தோமா என்பதுதான் கேள்வி. ஓட்டம் அன்றோடு நின்றது, எல்லோருக்கும்.

தாமதத்துக்கு விலக்கு கொடுக்கலாமா என்று முதலில் பேசினோம். இவனுக்கு மட்டும் விலக்கு என்றால் அதுவும் இன்னொரு வாழைப்பழம். அப்போது தலைமையாசிரியர்தான் பேப்பர் யோசனையைச் சொன்னார். பள்ளி நூலகத்துக்கு வரும் செய்தித்தாளைப் பஸ் நிறுத்தத்துக் கடையில் போட்டுவிட்டுப் போவார்கள். யாராவது நினைவு வந்தால் போய் எடுத்து வருவோம். அந்தக் கடை தொடக்கப் பள்ளிக்கு எதிரில்தான். தினமும் பேப்பரை எடுத்து வந்து நூலக அறையில் வைப்பது அவன் பொறுப்பு என்று அறிவித்தோம். ஒன்பதரைக்குப் பேப்பரோடு உள்ளே வருகிற பையனை யாரும் தாமதம் என்று சொல்வதில்லை. வேலையாகப் போய் வருகிறான்.

நூலக அலமாரியில் ஒரு பெரிய டப்பா வைத்தோம். பொட்டுக்கடலை, கடலைமிட்டாய், சில நாள் அவித்த வேர்க்கடலை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்க வேண்டியதில்லை, கணக்கும் கிடையாது. அறைக்குக் காவலாக யாரையும் நிறுத்தக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சத்துணவுப் பொருளைத் தொட முடியாது, அதற்குக் கணக்கு உண்டு. அதனால் செலவை ஆசிரியர்கள் பங்கிட்டுக்கொண்டோம். முதல் நாள் டப்பா ஒரு மணி நேரத்தில் காலி. வயிறு நிறைந்தவர்களும்தான் எடுத்தார்கள். எடுக்கட்டும் என்று விட்டோம். எல்லோரும் எடுத்தால்தானே எடுக்கிறவனை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது, தங்கை. தொடக்கப் பள்ளியில் காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அக்காவிடம் போய்ப் பேசினேன். அவருக்குப் பையனைத் தெரிந்திருந்தது. "பாப்பாவ எங்கிட்ட விட்டுட்டுப் போகச் சொல்லுங்க டீச்சர், நான் சட போட்டுவிடுறேன்" என்றார். அடுப்பை இறக்கிவிட்டு, பிள்ளைகள் வரிசையில் உட்காருவதற்குள் சிக்கு எடுத்துப் பின்னிவிடுவார். இதற்கு எந்தத் திட்டத்திலும் சம்பளம் கிடையாது. அங்கே பாத்திரத்தில் மிஞ்சியது சில நாள் யாருக்குப் போனது என்று நான் விசாரிக்கவில்லை.

ஆகஸ்ட், செப்டம்பர்

உடனே எதுவும் மாறிவிடவில்லை. முதல் இரண்டு வாரம் பேப்பரை வைத்துவிட்டு டப்பா பக்கம் திரும்பாமல் வகுப்புக்குப் போனான். மூன்றாவது வாரம் ஒரு நாள் பேப்பர் மடிப்புக்குள் கடலைமிட்டாய்த் துணுக்கு ஒட்டியிருந்தது. அதை வெளியில் சொல்லாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

பக்கத்தில் உட்காரும் பையன் செய்ததையும் எழுத வேண்டும். இவன் அடித்த இருவரில் அவனும் ஒருவன். ஆகஸ்ட் கடைசியில் கணக்கு வகுப்பில் இவன் தூங்கிவிழும்போது, ஆசிரியை பார்க்காத மாதிரி தன் நோட்டை இவன் பக்கம் தள்ளிவைக்கத் தொடங்கியிருந்தான். பார்த்து எழுதிக்கொள்ளத்தான். இறைவணக்கத்தில் அவனைப் பாராட்டலாமா என்று தலைமையாசிரியர் கேட்டார். வேண்டாம் சார் என்றேன். அடுத்த நாளே அது கைதட்டலுக்காகச் செய்கிற காரியமாகிவிடும். அதோடு, கணக்கு ஆசிரியை பார்வையில் அது காப்பி அடிக்க விடுவது! இருவரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.

அப்பத்தா பற்றிய பேச்சு எங்களில் யாரிடமும் வரவில்லை, உடற்கல்வி ஆசிரியரிடம்தான் வந்தது. பந்துகளை எண்ணி வைக்க அவனைக் கூட வைத்துக்கொண்டவர், தன் பாட்டியைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். பையன், "எங்க அப்பத்தா ராத்திரி கத சொல்லும் சார்" என்று தொடங்கி வெகுநேரம் பேசினானாம். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்டோபர் சறுக்கல்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் முழுக்க அவன் வரவில்லை. ஆயுத பூஜை 11ஆம் தேதி. பண்டிகைக்குப் பூ விலை ஏறும், ஆள் கிடைக்காது, எடை கூடினால் கூலி கூடும். அம்மாவோடு அவனும் தோட்டத்துக்குப் போயிருந்தான்.

இங்கே பரிவு மட்டும் போதவில்லை. 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 2016இல் திருத்தப்பட்ட சட்டம் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவ இடம் தருகிறது, ஆனால் இது அடுத்தவர் தோட்டம், பள்ளி நாள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்ல வேண்டும் என்றார் ஓர் ஆசிரியர். அவர் சொன்னது தவறில்லை. முதலில் ஒருமுறை பேசிப் பார்ப்போம், மறுபடி நடந்தால் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தோம். இந்த முடிவு சரிதானா என்பதில் எனக்கு இன்றும் முழு நிம்மதி இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியையும் அழைத்துப் போனேன். அவரும் பூ எடுக்கப் போகிறவர்தான். நான் சுற்றி வளைத்துப் பேசுவதற்குள் அவர் நேராகவே சொன்னார்: "நாலு நாள் கூலிக்கு அவன் படிப்ப விக்காத. தோட்டக்காரர்ட்ட நான் பேசுறேன்." நான் சொல்லியிருந்தால் அது அதிகாரமாக இருந்திருக்கும். 1098 பற்றியும் மறைக்காமல் சொன்னேன். அம்மா முகம் மாறியது; இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பையன் அடுத்த திங்கட்கிழமை பேப்பரோடு வந்தான்.

ஆண்டு முடிவில்

ஜனவரியில் அவன் தாமதமாக வந்தது 3 நாள், வராதது ஒரு நாள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பனிக்காலத்தில் மல்லி வரத்து குறைந்துபோகும். அம்மாவுக்கு வேலை இல்லாத நாட்கள் அதிகம், காலையில் வீட்டில் இருந்தார். ஜனவரிக் கணக்கை முழுக்க எங்கள் பெயரில் எழுதிக்கொள்ள முடியாது. அதனால் மார்ச் மாதத்துக்காகக் காத்திருந்தேன். பூ மறுபடி வரத் தொடங்கி, அம்மா நாலரைக்குக் கிளம்பிய அந்த மாதத்தில் தாமதம் 4 நாள். வராதது இரண்டு நாள்.

அடிதடி அக்டோபருக்குப் பிறகு இல்லை. மதிப்பெண்ணில் பெரிய அதிசயம் எதுவும் இல்லை: தமிழில் நன்றாக ஏறியது, கணக்கில் முப்பதுகளிலேயே நின்றது. இப்போதும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஏன்டா லேட்டு என்றால், "பாப்பா ஷூவக் காணோம் டீச்சர்" என்று பதில் வருகிறது.

மறுபடி செய்தால்

ஜூன் முதல் வாரத்திலேயே அந்த அரைப் பக்கக் கட்டுரையை எழுதச் சொல்வேன். ஜூலையில் ஒரு பிள்ளை விழுந்த பிறகு அல்ல. தண்டனை கொடுத்த நேரம், சண்டை நடந்த நேரம், தூங்கிய நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் ஆசிரியர்கள் சேர்ந்து குறித்திருந்தால், இரண்டாம் வாரத்திலேயே சத்துணவு மணி கண்ணில் பட்டிருக்கும். அப்பாவைக் கூட்டி வா என்ற வாக்கியத்தை நாங்கள் இப்போது பயன்படுத்துவதில்லை. வீட்டிலிருந்து யார் வர முடியும் என்று கேட்கிறோம். வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

டப்பாவிலும் ஒரு குறை தெரிந்தது: அது எங்கள் சம்பளத்தில் ஓடுகிறது. இரண்டு ஆசிரியர்கள் மாற்றலாகிப் போனால் நின்றுவிடும். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை வைத்தோம். ஊரில் கடலை போடும் ஒரு விவசாயி அறுவடையில் ஒரு மூட்டை தருவதாகச் சொல்லியிருக்கிறார். தந்தால் சரி.

ஏப்ரல் கடைசியில் தொடக்கப் பள்ளிக்குப் போய், அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடித்து எங்களிடம் வரப்போகிற பிள்ளைகளில் தினமும் காலையில் அங்கே சாப்பிட்டவர்கள் யார் யார் என்று கேட்டேன். சமையல் அக்கா பதிவேட்டைப் பார்க்கவில்லை. விரலை மடக்கி எண்ணினார். பதினாறு பேர். ஜூனில் அலமாரியில் இரண்டு டப்பா வைத்தோம்.